சத்தர்பூரில் காய்ந்த படகு

1. வேப்பமரம் தெரிந்தது

படகுக்குள் குனிந்து நின்றபோது வெளியே நிற்கும் வேப்பமரம் தெரிந்தது. ஜன்னல் வழியாகத் தெரிந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். இரண்டு பலகைகளுக்கு நடுவே தெரிந்தது. தண்ணீரில் மிதக்க வேண்டிய படகில், தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே, விரல் நுனி நுழைகிற அளவுக்கு இடுக்கு. ஒன்றிரண்டு இடத்தில் இருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். இடப்பக்கம் முழுக்க அப்படித்தான் இருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. மே மாதம், டெல்லி. படகு நின்றது சத்தர்பூரில் ஒரு பண்ணை வீட்டின் தகரக் கொட்டகையில். சனிக்கிழமை காலை வாங்குகிற பார்ட்டி பார்க்க வருவதாக முதலாளி சொல்லியிருந்தார். நான் உள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். சரோஜினி நகரிலிருந்து மெட்ரோவில் வந்து, ஐ.என்.ஏ.வில் மாறி, ஸ்டேஷனிலிருந்து ஷேர் ரிக்‌ஷாவில் குலுங்கி வந்ததில் முட்டி ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்தது. இதைப் பார்த்ததும் உடம்பு மொத்தமும் ஓய்ந்துபோனது.

கடலே இல்லாத ஊரில் படகு வேலை பார்க்கிறவன் எப்படி வந்தான் என்று கேட்பீர்கள். என் சொந்த ஊர் தூத்துக்குடி. கடற்படையில் இருபத்தைந்து வருடம் ஷிப்ரைட்டாக இருந்தேன். கப்பல், படகுகளின் உடம்பைப் பார்த்துக்கொள்கிற தச்சன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றபோது மனைவிக்கு இங்கே மத்திய அரசு அமைச்சகத்தில் இன்னும் பல வருட சர்வீஸ் இருந்தது, குவார்ட்டர்ஸும் இருந்தது. அதனால் கடலை விட்டுவிட்டு அவள் பின்னால் வந்தேன். சும்மா இருக்கப் பிடிக்காமல், கோல் மார்க்கெட் பக்கம் ஒரு மாடி அறையில் நடந்த சின்ன ஏஜென்சியில் சேர்ந்தேன். பழைய ஜெனரேட்டர், பம்ப், எப்போதாவது யாருடைய படகாவது. பிறர் பொருளை விற்றுக் கொடுப்பதுதான் தொழில். படகு வந்தால் அளவெடுப்பது, போட்டோ எடுப்பது, விளம்பரம் எழுதுவது என் வேலை.

முதலாளி வெங்கட், டெல்லியிலேயே பிறந்த தமிழர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். வீட்டில் தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

2. கமாண்டரின் நிபந்தனை

படகின் பெயர் மைனா. முப்பத்தாறு அடி நீளப் பாய்மர யாட், தேக்குப் பலகை. பம்பாயில் ஒரு யார்டில் மக்கிக் கிடந்ததை ஓய்வுபெற்ற கடற்படை கமாண்டர் ஒருவர் வாங்கி, ஒன்பது வருடம் செலவழித்துப் புதுப்பித்தார். மதுரைக்காரர். நான் சர்வீஸில் இருந்தபோது ஒரு கப்பலில் அவருக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறேன். அப்போதிலிருந்து அவருக்கு நான் ‘சீஃப்’தான். என் பெயர் சுடலைமுத்து என்பது அவருக்கு ஞாபகம் இருக்குமா என்றே சந்தேகம்.

அந்த யார்டை மூடியபோது கமாண்டர் மகள் வீட்டோடு டெல்லிக்கு வந்துவிட்டிருந்தார். படகு கண் முன்னால் இருக்கட்டும் என்று நினைத்து, லோ-பெட் டிரைலரில் ஏற்றி இவ்வளவு தூரம் கொண்டுவந்து நண்பரின் கொட்டகையில் நிறுத்தினார். நாலு மாதத்தில் திரும்பக் கொண்டுபோவதாகத் திட்டம். இரண்டு கோடை போய்விட்டது. அதற்குள் அவருக்குக் கண் நீர் அழுத்த நோய் முற்றி, பக்கத்தில் நிற்கிறவர் முகமே நிழலாகத்தான் தெரியும் என்ற நிலை. இனி பாய் கட்ட முடியாது என்று அவரே முடிவு செய்து விற்கக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

“வாங்குறவன் தண்ணில இறக்கணும் சீஃப். எவன் வீட்டு வாசல்லயும் பொம்மையா நிக்கக் கூடாது.”

சரி சார் என்றேன். விளம்பரம் எழுதினேன். முழுக்கப் புதுப்பிக்கப்பட்ட கிளாசிக் மர யாட், நாலு பேர் படுக்கலாம், சமையல் மேடை உண்டு, உடனே கடலில் இறக்கலாம். குளிர்காலத்தில், கோல் மார்க்கெட் அறையில் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து, கமாண்டர் கொடுத்த பம்பாய் போட்டோக்களைப் பார்த்து எழுதினேன். கொட்டகைக்கு ஒரு நடை போய்ப் பார்த்திருந்தால் கடைசி வரியை எழுதியிருக்க மாட்டேன். போகவில்லை. மூடுபனி, முட்டி வலி, சோம்பல். எதை வேண்டுமானாலும் காரணமாக வைத்துக்கொள்ளலாம்.

3. புட்டி

மரப்படகு தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் வீட்டுக் கதவு உப்பிக்கொண்டு சாத்த முடியாமல் போகிறது அல்லவா, படகுப் பலகையும் அதே மாதிரிதான். தண்ணீரில் ஊறினால் உப்பும், வெயிலில் நின்றால் சுருங்கும். அதனால்தான் பலகை இடுக்கில் பஞ்சுத் திரியை அடித்து, மேலே இளகிய மக்கு பூசுவோம். எங்கள் ஊரில் அதற்குக் கலப்பத்து என்று பெயர். பலகை உப்பும்போது பஞ்சும் மக்கும் நசுங்கி இடம் கொடுக்கும். சுருங்கிய படகைக் கடலில் இறக்கும் முன்பு ஈரச் சாக்கு போர்த்தி, உள்ளேயும் தண்ணீர் விட்டு, பலகையை மெல்ல ஊறவைக்க வேண்டும். குறைந்தது ஒரு வாரம்.

எனக்கு இருந்தது நாலு நாள். வெங்கட்டுக்கு போன் செய்து நிலைமையைச் சொன்னேன்.

“அச்சா முத்து சார், பார்ட்டி குருகிராம் ரெஸ்டாரன்ட்காரர்” என்றார். “வாசல்ல நிறுத்தி உள்ள டேபிள் போடப் போறார். கமாண்டருக்கு இது தெரிய வேண்டாம். எபாக்சி போட்டு அடைச்சு பெயின்ட் அடிச்சுடுங்கோ. ஜல்தி முடியும்.”

எபாக்சி புட்டி ஒரு பிசின் கலவை, காய்ந்தால் கல். வெடிப்பை அடைத்துத் தேய்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் படகு பிறகு தண்ணீருக்குப் போனால் உப்புகிற பலகைக்கு இடமே இருக்காது. புட்டி விட்டுக்கொடுக்காது. பலகை நெருக்கும் நெருக்கில் ஆணி பிடுங்கும், உள்ளே விலா எலும்பு மாதிரி வளைந்து நிற்கிற ரிப் கட்டைகள் உடையும். நடுக்கடலில் நடந்தால் யாரும் வந்து காப்பாற்ற முடியாது. ஷிப்ரைட் பயிற்சியில் முதல் வருடமே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது.

அத்தனையும் தெரிந்துதான் போட்டேன். இது இனிமேல் தண்ணீரைப் பார்க்கப் போவதில்லை, வாசலில் நிற்கப் போகிற படகுக்குக் கல் என்ன பஞ்சு என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கமாண்டருக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தபோதெல்லாம் வேகமாகத் தேய்த்தேன். புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளும் அந்தத் தகரக் கொட்டகையில், லூ என்கிற அனல் காற்று முகத்தில் அடிக்க, மண் குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு தனியாக வேலை செய்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மைனா புதுப் பெண்ணாக நின்றது. கெட்ட வேலையை நல்ல கையால் செய்தால் எவ்வளவு அழகாக வருகிறது என்று அன்றைக்குப் பார்த்தேன்.

4. சனிக்கிழமை

ரெஸ்டாரன்ட்காரர் வரவில்லை. அவருக்கு ஒரு பழைய ரயில் பெட்டி கிடைத்துவிட்டதாம். வெங்கட் வேறு ஒரு பார்ட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். ராணுவ மருத்துவப் பிரிவில் லெப்டினன்ட் கர்னல், பெயர் கோமதி, சேலத்துக்காரர். அடுத்த மாதம் ஓய்வு பெறப் போகிறார். ராணுவத்தில் இருந்தபோதே பாய்மரப் படகு ஓட்டப் பழகியவர். கொச்சியில் படகை இறக்கி, பதினாலு வயது மகளோடு மேற்குக் கரையோரம் ஒரு வருடம் சுற்றப் போவதாகச் சொன்னார்.

ஓரத்தில் கிடந்த புட்டிக் கத்தியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கமாண்டரையும் அவர் மகள் காரில் கொண்டுவந்து விட்டிருந்தாள். அவர் குச்சியை ஓரமாகச் சாய்த்துவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் மைனாவின் இடப்பக்கத்தை முன்னிருந்து பின்வரை தடவிக்கொண்டே நடந்தார். கையில் ஒரு இடுக்கும் தட்டுப்படவில்லை. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கர்னல் விரல் மூட்டால் பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், இரண்டு வருடம் டெல்லி வெயிலில் நின்ற படகில் ஒரு வெடிப்புக்கூட இல்லையே, எப்படி என்று. நல்ல கேள்வி. வெங்கட் முந்திக்கொண்டு, எல்லாம் முத்து சாரின் மெயின்டனன்ஸ் என்றார். கமாண்டர் நான் நின்ற பக்கமாகத் திரும்பினார்.

“ஈரச் சாக்கு போட்டுக்கிட்டே இருந்தியா சீஃப்?”

“ஆமா சார்.”

இவ்வளவுதான் சொன்னேன். இரண்டே வார்த்தை. அதைக் கேட்டு அவர் என் தோளைத் தேடிப் பிடித்து அழுத்தினார். பிறகு கர்னலிடம், இந்த ஆள் பார்த்த படகு என்றால் கண்ணை மூடிக்கொண்டு மகளை ஏற்றலாம் என்றார். கர்னல் வாங்குவதாக அங்கேயே சொல்லிவிட்டார். ஜூன் கடைசியில் டிரைலர், ஜூலையில் கொச்சியில் இறக்குவது என்று பேசி முடித்தார்கள். வெங்கட் எல்லோருக்கும் லஸ்ஸி வரவழைத்தார்.

5. மூன்று நாள்

ஞாயிறு, திங்கள், செவ்வாய். அந்த மூன்று நாளும் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆபீஸ் போனேன், வந்தேன். கர்னல் தனியாக ஒரு சர்வேயரை வைத்துப் பார்க்கட்டுமே, அவர் கண்டுபிடித்தால் நல்லது என்று நினைத்தேன். பெயின்டுக்கு அடியில் இருப்பதை யாரும் கண்டுபிடிக்க முடியாதபடி வேலை செய்தவன் நான்தான் என்பதும் ஞாபகம் வந்தது. கொச்சியில் இறக்கும்போதே உடைந்துவிட்டால் பிழைத்தார்கள் என்று ஒரு நேரம் நினைத்தேன். அப்படி நினைத்ததற்காக என்மேலேயே அருவருப்பு வந்தது. கர்னலின் அந்தப் பெண் குழந்தையை நான் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனால் தட்டில் சோற்றைப் பிசையும்போதெல்லாம் அவள் நினைவுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மனைவி லீவு போட்டு வீட்டில் இருந்தாள். என்னவென்று கேட்டாள், சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“மூணு நாளா சோத்த அளைஞ்சுக்கிட்டே இருக்கீய” என்றாள். “இன்னும் எத்தன நாள் அளையணும்? செருப்பப் போடுங்க.”

கமாண்டரின் மகள் வீட்டுக்குப் போனேன். அவர் ரேடியோ கேட்டுக்கொண்டு இருந்தார். நான் உட்காரவில்லை. ரெஸ்டாரன்ட்காரரில் ஆரம்பித்து, புட்டி, பெயின்ட், ஈரச் சாக்கு என்று சொன்ன பொய் வரை எல்லாவற்றையும் சொன்னேன். வெங்கட் சொல்லித்தான் செய்தேன் என்று ஒரு வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது. அதை மட்டும் விழுங்கிவிட்டேன். கையில் புட்டிக் கத்தியைப் பிடித்திருந்தது வெங்கட் இல்லை.

அவர் ரேடியோவை அணைத்தார். கத்தவில்லை. நான் தடவிப் பார்த்தேனே என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார். பார்வை போனவர் கையை நம்பித் தடவியதில் நான் ஏமாற்றியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. நின்ற இடத்திலேயே அழுதேன். எனக்கு அறுபது வயது.

பிறகு அவரே கர்னலுக்கு போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, என்னை மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். புட்டியை எடுக்க முடியுமா என்று கர்னல் கேட்டார். முடியும், பலகை ஓரம் கொஞ்சம் சேதமாகும் என்றேன். எத்தனை பேர் வேண்டும் என்றார்.

“போட்டது நான் ஒருத்தன்தான் மேடம். நானே எடுத்துருதேன்.”

கமாண்டர் குறுக்கே புகுந்தார். எங்கள் கடற்படை யார்டில் ஒரு வழக்கம் உண்டு. கலப்பத்து அடித்தவன், படகைத் தண்ணீரில் இறக்கும்போது அதன் உள்ளே, அடிப்பகுதியில் இருக்க வேண்டும். மேலே நின்று கைதட்டக் கூடாது. கர்னலுக்கு அதைச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்.

“நீ உள்ள இருக்கணும் சீஃப். இறக்குற அன்னைக்கு.”

6. கொக்கி

வெங்கட்டுக்கு நான் செய்தது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பார்ட்டி ஓடாமல் இருந்ததால் வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்பினால் படகு பார்க்க வேறு ஆள் டெல்லியில் எங்கே தேடுவார்.

ஜூன் மாதம் நான் போட்ட புட்டியை நானே எடுத்தேன். ஹீட் கன்னால் சூடு காட்டி, இளகியதும் வளைந்த கொக்கியால் இழுக்க வேண்டும். டெல்லி ஜூனில் கையில் ஹீட் கன். மூன்று நாளில் அடைத்ததை எடுக்க இருபத்திரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு அடிக்கும் நல்ல தேக்கு ஓரம் கொஞ்சம் பிய்ந்து வந்தது, ஒன்பது வருடம் ஒருவர் பார்த்துப் பார்த்துத் தேய்த்த தேக்கு. பிறகு பஞ்சுத் திரி அடித்து, இளகிய மக்கு பூசி, சாக்கு போர்த்தித் தண்ணீர் விட்டேன். இந்தத் தடவை நிஜச் சாக்கு. டிரைலரில் ஏற்றும் வரை தினமும் காலையும் மாலையும் விட்டேன். என் உடம்பில் அந்த ஒரு மாதத்தில் போனது இன்றுவரை திரும்பவில்லை.

7. கொச்சி

ஜூலையில் ஒரு மழை விட்ட காலை, கிரேன் பட்டையில் மைனா தொங்க, நான் உள்ளே டார்ச்சும் பம்பும் வைத்துக்கொண்டு அடிப்பலகையில் உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் தொட்ட சத்தம் கேட்டது. உடனே எல்லா இடுக்கிலிருந்தும் கசிய ஆரம்பித்தது. பயப்படவில்லை. ஊறி முடிகிறவரை மரப்படகு அப்படித்தான் கசியும். பம்ப் ஓடியது. பட்டையை அவிழ்க்காமல் கிரேனிலேயே பிடித்து வைத்திருந்தார்கள். மதியம் கமாண்டர் போனில் வந்தார், தண்ணீர் வருகிறதா என்று கேட்டார். வருது சார் என்றேன். வரட்டும் என்றார்.

இரண்டாம் நாள் கசிவு பாதியானது. மூன்றாம் நாள் காலை சொட்டு மட்டும்தான். பட்டையை அவிழ்த்துவிட்டார்கள். மேலே கர்னலும் மகளும் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ரிப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். என்ஜினுக்குப் பின்னால் போனபோது ‘டக்’ என்று ஒரு சத்தம்.

அது என்ன என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு ரிப் கட்டையில் குறுக்காக வெடிப்பு விழுந்திருந்தது. அந்த இடத்தில் இடுக்கு அகலமாக இருந்ததால், அன்றைக்கு நான் அழுத்திய புட்டி பலகையைத் தாண்டி உள்பக்கம் வரை போயிருக்கிறது. வெளியிலிருந்து விட்ட என் கொக்கிக்கு எட்டியது போக, மீதி உள்ளே கல்லாக உட்கார்ந்து நெருக்கியிருக்கிறது. பம்ப் சத்தத்தில் மேலே யாருக்கும் கேட்டிருக்காது. என்ஜின் மறைவில் இருக்கிற ரிப்பை அடுத்த ஐந்து வருடத்துக்கு யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை. இந்த இரண்டும் எனக்கு அந்த நிமிடமே தோன்றின. இல்லை என்று சொன்னால் பொய்.

ஏணியில் ஏறினேன்.

“மேடம், ஒரு ரிப் போச்சு. நான் போட்ட புட்டிதான் உடைச்சிருக்கு.”

கர்னல் கொடிக் கயிற்றை மகளிடம் கொடுத்தார்.

“இன்னும் எத்தனை இருக்கும்?”

“தெரியல மேடம். எல்லாத்தையும் எடுத்துட்டேன்னுதான் நெனச்சேன்.”

அவர் டார்ச்சை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார். நான் காட்டினேன். பார்த்துவிட்டு, பயணத்தை ஒரு மாதம் தள்ளிவைப்பதாகவும், என்ஜினைத் தூக்கி இரண்டு பக்கமும் எல்லா ரிப்பையும் பார்த்த பிறகுதான் மகளை ஏற்றுவதாகவும் சொன்னார். அவர் குரலில் கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான். மேலே கொடியைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்ணின் முகம் வாடிவிட்டது. அவளிடம் நேராகப் போய், உன் பயணம் தள்ளிப்போனதற்குக் காரணம் நான்தான் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டுக் கொடியைச் சுருட்டினாள்.

என்ஜினைத் தூக்கிப் பார்த்ததில் இன்னும் ஒரு இடத்தில் புட்டி இருந்தது. அதையும் எடுத்து, உடைந்த ரிப்புக்குப் பக்கத்தில் புதுக் கட்டை வளைத்துச் சேர்த்துவிட்டு, மறுபடி இறக்கி, மறுபடி உள்ளே உட்கார்ந்தேன். இரண்டாம் தடவை ஒரு சத்தமும் இல்லை. மைனா இப்போது மேற்குக் கரையில் எங்கேயோ இருக்கிறது. கர்னலிடமிருந்து எனக்குச் செய்தி எதுவும் வருவதில்லை. கமாண்டருக்குக் கர்னலின் மகள் போட்டோ அனுப்புகிறாளாம். அவர் வீட்டில் யாராவது பார்த்துச் சொல்ல அவர் கேட்டுக்கொள்கிறார்.

ரிப் உடைந்த அன்று கமாண்டருக்கு நானே போன் செய்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று விசாரித்தார்.

“அவங்க கண்டுபிடிச்சாங்களா, நீ சொன்னியா?”

“நாந்தான் சார் சொன்னேன்.”

“சரி. வேலையப் பாரு” என்று வைத்துவிட்டார்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குத் தப்பே செய்யாமல் இருக்க வழி சொல்லத் தெரிந்தால் சொல்லியிருப்பேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கே தெரியவில்லை. களைப்பில் செய்வீர்கள், முதலாளி அவசரப்படுத்திச் செய்வீர்கள், யாருக்கும் தெரியாது என்றும் செய்வீர்கள். செய்ததற்கும் அதைச் சொல்வதற்கும் நடுவில் உள்ள தூரத்தை மட்டும் உங்களால் குறைக்க முடியும். முதல் தடவை எனக்கு மூன்று நாள் ஆனது. இரண்டாம் தடவை ஏணியில் நாலு படி.